ஒன்றரை விநாடி

வேலையில் என் இடுப்பில் ஒரு பெட்டி உண்டு.
வின்னிபெக்கின் கிழக்கே, ட்ரான்ஸ்கோனாவில்,
மைனஸ் முப்பதில் யார்டுக்குள் நடந்தபடியே
நூற்றிருபது தொன் எஞ்சினைக்
கையுறை விரலால் பின்னே தள்ளுவேன்.
நான் சறுக்கி விழுந்தால்
முதலில் பெட்டி கத்தும்,
பிறகு எஞ்சின் தானாக நிற்கும்.
இதுவரை இரண்டு தடவை நின்றிருக்கிறது.

வீட்டு பேஸ்மென்டில் என் எஞ்சின்
உள்ளங்கை நீளம்.
அதற்கும் ஒரு பெட்டி வேண்டுமென்று
நவம்பரில் தோன்றியது.
சுவரில் அறைந்த பலகைக்கு முன்னால்
முளையில் கட்டிய மாடாக எத்தனை நாள் நிற்பது?
ரயில் போகும் இடமெல்லாம்
நானும் போக வேண்டாமா?

சோப்புப் பெட்டி. பச்சை. மூடி இறுக்கம்.
பழுதான ஹீட்டரின் குமிழ்.
குகதாசனின் பழைய போனிலிருந்து
இன்னும் உப்பாத பேட்டரி.
நகமளவு ரேடியோச் சில்லு இரண்டு,
ஒன்று பேச, ஒன்று கேட்க.
ஈயம் உருகும்போது எழுந்த புகையில்
குங்கிலிய வாசம்.
"கீழ என்ன பூசையோ?" என்றார் மேலிருந்து.
ஓம் என்றேன்.
விரல் சுட்டிருந்தது.

முதல் நாள் வலப்பக்கம் திருப்பினால்
ரயில் பின்னால் போயிற்று.
இரண்டு வயரை மாற்றினேன்.
மறுநாள் முன்னால் போயிற்று,
மேசை விளிம்புவரை,
அதற்கப்பாலும்.
அன்றிரவு ஒரு சட்டம் எழுதிச் சேர்த்தேன்:
ஒன்றரை விநாடி என் குரல் கேட்காவிட்டால்
நில்.
ஊகிக்காதே.
கடைசியாகச் சொன்னதையே பிடித்துக்கொண்டு ஓடாதே.
நில்.
(எங்கள் வீட்டில் வேறு எவருக்கும்
இந்தச் சட்டம் இல்லை.)

பிறகு அது நிற்கத் தொடங்கியது.
காரணமின்றி. பெரும்பாலும் மாலையில்.
சுரங்கத்துக்குள் ஒருநாள்,
பாலத்தின் நடுவில் ஒருநாள்,
கோதுமைப் பெட்டிகள் பதினொன்றும் அந்தரத்தில்.
மூன்று வாரம்
ஈயப் பொட்டு ஒவ்வொன்றையும்
லென்ஸ் பிடித்துப் பார்த்தேன்.
அன்டெனாவை ஓர் அங்குலம் நீட்டினேன்,
அரை அங்குலம் நறுக்கினேன்.
தண்டவாளத்தை ஸ்பிரிட்டால் துடைத்தேன்.
பேட்டரியைத் திட்டினேன்.
பிறகொரு மாலை, ரயில் நின்ற அதே நொடியில்,
தலைக்கு மேலே ஒரு மெல்லிய உறுமல்.
அது ஓய்ந்ததும், டிங்.
ரயில் நகர்ந்தது.

மைக்ரோவேவ்.
என் சோப்புப் பெட்டி பேசுகிற அதே அலைவரிசையில்
அவர் புட்டுச் சூடாக்கிக்கொண்டிருந்தார்.

மாற்ற இரண்டு நிமிடம்.
மாற்றினேன்.
ஆறு மணியிலிருந்து ஏழேகால்வரை
ஒரு தடவைகூட நிற்கவில்லை.
ஏழேகாலுக்குப் படியில் காலடி.
கையில் தட்டு,
கத்தரிக்காய்க் குழம்பு ஓரத்தில் உறைந்து.
"மூண்டு தரம் வச்சிட்டன்.
உன்ர ரயில் ஏன் நிக்கேல்ல?"

எனக்குப் புரிய
ஒன்றரை விநாடிக்கு மேல் ஆயிற்று.

ஹீட்டர் குழாய் வழியே
சக்கரச் சத்தம் குசினிக்குக் கேட்குமாம்.
அது நின்றால் கொஞ்ச நேரத்தில்
சலித்துப்போய் நான் மேலே வருவேனாம்.
சில நாள் சூடாக்க ஒன்றுமேயில்லை,
வெறும் தண்ணீர்க் கோப்பையைச் சுற்றவிட்டாராம்.
மூன்று வாரம்! லென்ஸோடு நான்!
கத்தினேனா, சிரித்தேனா,
இப்போது நினைவில்லை.
புட்டு ஆறிக் கல்லாகியிருந்தது,
அது நினைவிருக்கிறது.

சனிக்கிழமை சோப்புப் பெட்டியின் பக்கத்தில்
துளையிட்டு ஒரு ஸ்விட்ச் வைத்தேன்.
மேலே தள்ளினால் புது அலைவரிசை.
கீழே தள்ளினால் புட்டு.
துளையிட்டதில் மூடியின் ஒரு மூலை வெடித்துவிட்டது.
இரவில் யார்டிலிருந்து நிஜ ரயில் புறப்படும்போது
அந்த மூலை மட்டும்
கிறுகிறுவென்று அதிர்கிறது.